பயத்துக்கு ஒரு இங்கிலீஸ்

"ஓ மை காட்!" என்று அவள் அலறியதும் ரமேசுக்கு மனம் குளிர்ந்துபோனது. கொக்கோக் காயைப் பிளந்து காட்டினால் வெளிநாட்டுக்காரர்கள் அப்படித்தான் அலறுவார்கள்.

பலாபத்வலையில் ஒரு வாசனைத் தோட்டத்தைச் சுற்றிக் காட்டுவது அவன் வேலை. அரைகுறை இங்கிலீஸ்தான், ஆனால் அலறலை வைத்தே ஆளை எடைபோட்டுவிடுவான். 'ஊப்ஸ்' என்றால் கால் இடறியிருக்கும். 'யைக்ஸ்' என்றால் அட்டையோ பல்லியோ, சும்மா ஒரு அருவருப்பு. 'ஓ மை காட்' பாம்புக்கும் வரும், பட்டை எண்ணெய்க்கும் வரும்; முகத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

இவள் முகத்தில் பாதியைக் கறுப்புக் கண்ணாடி மறைத்திருந்தது. நிறம் நம்ம நிறம்தான், ஆனால் பிஜியில் பிறந்தவளாம், தமிழ் ஒரு சொல்லும் தெரியாதாம். வந்ததிலிருந்து போனை நீட்டிப் படம்பிடித்துக்கொண்டே நடந்தாள்.

முதலாளி இராசலிங்கம் அவன் போனுக்குக் கோல் எடுத்தார். "டேய், பழைய கிணத்துப் பக்கம் கூட்டிட்டுப் போயிறாத."

"போவேனா முதலாளி? கொஞ்சம் இருங்க, இவ எடது கால்ல அட்டை ஏறுது."

அவன் கையை நீட்டிக் காட்டுமுன்னே, "யைக்ஸ்!" என்று அவள் இடது காலை உதறினாள். பொல்லாத கண்தான் இவளுக்கு என்று நினைத்துக்கொண்டான்.

உதறிய வேகத்தில் பாதையை விட்டு விலகி, மிளகுக் கொடிகளுக்குள் போய்விட்டாள். ரமேஸ் பின்னாலேயே ஓடினான். தோட்டத்துக் கடையில் எண்ணெய் விற்ற நிரோஜா காணாமல்போன கையோடு அவனும் முதலாளியும் அவசரமாக மண் போட்டு மூடிய கிணறு அங்கேதான் இருந்தது.

"நோ மேடம்! ஸ்னேக்! பிக் ஸ்னேக்!"

அவள் அலறவில்லை. மண்மேட்டின் மேல் ஏறி நின்று திரும்பினாள்.

"என்னடா சத்தம்?" என்றார் முதலாளி.

வெளிநாட்டுக்காரர் முன்னால் தமிழில் பேசுவது, கதவைச் சாத்திக்கொண்டு பேசுகிற மாதிரி. ரமேஸ் குரலைக்கூடத் தாழ்த்தவில்லை.

"கிணத்து மேலயே நிக்கிறா. பயப்படாதீங்க முதலாளி, இவளுக்கு என்ன வெளங்கும்? நிரோஜா துபாய்க்கு ஓடிட்டான்னு பொலிசே நம்பிருச்சு. உள்ள கிடக்கிறவள இனி யாரு தேடி வரப்போறா?"

அவள் கண்ணாடியைக் கழற்றினாள். கண்கள் சிவந்திருந்தன. போனை மட்டும் நேராக அவனைப் பார்த்தே பிடித்திருந்தாள்.

"எங்க அக்காவ எத்தனை அடி ஆழத்துல போட்டிருக்கீங்க, அண்ணே?"