ஓட்டை கேமரா

"மூணு வரன் தட்டிப்போச்சுய்யா. எல்லாம் உன்னோட ஓட்டை கேமராவால வந்த வினை."

செங்கல்பட்டு வச்சலா ஸ்டூடியோவின் மேசைமேல் மகள் சகுந்தலாவின் போட்டோக்களை வீசினார், கல்பாக்கத்தில் குமாஸ்தாவாக இருந்த ராமதாஸ்.

ஸ்டூடியோக்காரன் ராஜாராமுக்குச் சுருக்கென்றது. அந்தப் பெட்டிக் கேமராவில் அவன் எடுத்துக் கொடுத்த பெண்களெல்லாம் இன்று பிள்ளைகுட்டியோடு இருக்கிறார்கள். கேமராவைக் குறை சொல்ல இவர் யார்? ஆனால் சகுந்தலா மட்டும் மூன்று படத்திலும் வாய் கோணி, கண் சொருகித்தான் இருந்தாள். சில முகங்கள் போட்டோவுக்கு ஒத்து வராது. அதைப் பெற்றவரிடம் சொல்ல முடியுமா?

"ஆபீஸ்ல ஒருத்தர்கிட்ட ஜப்பான் கேமரா இருக்கு. அதுல நானே எடுத்துக்கறேன். உன் கடைப் பக்கம் ஒருத்தரையும் வரவுடமாட்டேன்," என்றார் ராமதாஸ்.

"தாராளமா எடு சார். நானும் என் பெட்டியோட வர்றேன். எது ஓட்டைன்னு பாத்துடலாம்," என்றான் ராஜாராம். பிழைப்பில் கைவைத்தால் யாருக்குத்தான் ஆத்திரம் வராது?

ஞாயிற்றுக்கிழமை மகாபலிபுரம் கடற்கரையில் ராமதாஸ், ராஜாராம் ஸ்டூடியோவில் எண்ணுவதைப் போலவே, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணி எண்ணி ஒரு ரோல் முழுக்க எடுத்துத் தீர்த்தார். அவர் அடுத்த ரோலை மாட்டத் தெரியாமல் திண்டாடியபோது, ஓர் அலை வந்து சகுந்தலாவின் புடவையை நனைத்தது. அவள் சிரித்துவிட்டாள். ராஜாராம் குனிந்து, ஒரு வார்த்தை சொல்லாமல் பொத்தானை அமுக்கினான்.

ஜப்பான் படம் அத்தனையிலும் அதே கோணல் வாய். பெட்டிக் கேமராவில் சகுந்தலாவின் சிரிப்பு மனசை அள்ளிக்கொண்டு போனது. அதைப் பார்த்த கூடுவாஞ்சேரி மாப்பிள்ளை வீட்டார் உடனே நிச்சயம் செய்துவிட்டார்கள். ராஜாராம் அந்தப் படத்தைப் பெரிதாக்கிக் கடை வாசலில் மாட்டினான். ராமதாஸ் அந்த வழியாகத்தானே தினமும் பஸ் ஏற வேண்டும், நன்றாகப் பார்க்கட்டும்.

அடுத்த வாரம் சகுந்தலா தனியாகக் கடைக்கு வந்தாள்.

"வாம்மா கல்யாணப் பொண்ணே. ஓட்டை கேமரான்னாரே உங்கப்பா, இப்ப இன்னா சொல்றாரு?"

அவள் கண்கள் சிவந்திருந்தன.

"உங்க கேமராவும் நல்லாத்தான் கீது, அந்த ஜப்பானும் நல்லாத்தான் கீது. டீச்சர் ட்ரெய்னிங் முடியற வரைக்கும் எந்த வரனும் அமையக் கூடாதுன்னு, 'மூணு' எண்ணுறப்பல்லாம் நான்தாண்ணே வாயைக் கோணிக்கினு நின்னேன். நீங்க எண்ணாம எடுத்துட்டீங்க. இப்ப மாப்பிள்ளை வூட்ல படிப்பை நிறுத்தச் சொல்லிட்டாங்க."