எதிர் வீட்டுச் செருப்பு

ரயில் கிளம்பி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. பேராசிரியரின் செல்போன் கீச்சிட்டது. வீட்டு வாசலில் புதிதாக மாட்டிய கேமரா.

திரையைப் பார்த்தவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. பூட்டிய கதவை ஒட்டி ஓர் ஆள் நின்றுகொண்டிருந்தான். முதுகு மட்டும்தான் தெரிந்தது. அந்த முதுகு போதாதா?

"எதிர் வீட்டு டிரைவர். நான் அப்பவே சொல்லல?" என்று மனைவியிடம் போனை நீட்டினார்.

ஒன்றரை மாதப் பயணம். அதற்காக மனிதர் பட்ட பாடு கொஞ்சமா? கேஸை மூடி, தண்ணீர் வால்வை அடைத்து, ஃபிரிட்ஜைத் துடைத்துத் திறந்துவைத்து, ஜன்னல் ஜன்னலாக இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினார். மகள் கல்யாணத்துக்குச் சேர்த்த நகை அத்தனையும் உள்ளே பீரோவில் இருக்கிறதே.

ஊருக்குப் போகிற விஷயம் ஒரு ஈ காக்காவுக்குத் தெரியக் கூடாது என்று வீட்டில் கண்டிப்பான உத்தரவு. பால்காரருக்குச் சொல்லியாச்சா என்று மனைவி கேட்டபோது, வாயைத் திறக்காமலே அதையும் முடித்துவிட்டதாகப் பெருமையடித்துக்கொண்டார்.

முக்கியமாக எதிர் வீட்டில் குடியிருக்கும் டிரைவருக்குத் தெரியக் கூடாது. அவருடைய செருப்பு எப்போதும் இவர் வாசல் பக்கமே வந்து கிடக்கிறது என்று ஆரம்பித்த சண்டை, அபார்ட்மென்ட் அசோசியேஷன் மீட்டிங் வரை போய் நாறி மூன்று மாதமாகிறது. இன்று காலை பெட்டிகளைப் பார்த்துவிட்டு, வெளியூரா சார் என்று அவர் வலிய வந்து கேட்டார். பழைய துணி, யாருக்கோ கொடுக்கப் போகிறோம் என்று கூசாமல் புளுகினார் பேராசிரியர்.

இப்போது பார், அந்தக் கை கதவில் எதையோ சுரண்டுகிறது. எதையோ எடுத்துப் பாக்கெட்டில் போடுகிறது.

"பூட்டை நோண்டுறான்."

"அவசரப்படாதீங்க. என்னன்னு முதல்ல கேளுங்க" என்றாள் மனைவி.

அவர் எங்கே கேட்டார்? வாட்ச்மேனுக்குப் போன் போட்டு, ஓடு, ஆளை விடாதே, போலீஸைக் கூப்பிடு என்று போட்ட சத்தத்தில் ரயில் பெட்டியே திரும்பிப் பார்த்தது. அதற்குள் சிக்னல் போய், படம் அப்படியே உறைந்து நின்றது. கதவில் கை வைத்தபடி டிரைவர்.

பேராசிரியர் துள்ளி எழுந்தார். அடுத்த ஸ்டேஷனில் இறங்கிவிடலாம் என்று பெட்டியை இழுக்கவே ஆரம்பித்துவிட்டார்.

போன் அடித்தது. வாட்ச்மேன் நம்பர். பேசியது டிரைவர்.

"சார், பதறாதீங்க. பால்காரருக்கு நீங்க கதவுல ஒட்டிட்டுப் போன சீட்டைத்தான் கிழிச்சேன். ஒன்றரை மாசம் ஊர்ல இல்ல, பால் வேண்டாம்னு தேதியோட எழுதி வெச்சிருக்கீங்க. திருடனுக்குப் பத்திரிகை வெச்சு அழைச்ச மாதிரி ஆயிடாதா?"

பேராசிரியர் இழுத்த பெட்டியை மறுபடி சீட்டுக்கு அடியில் தள்ளினார்.

"பால்காரர்கிட்ட நான் சொல்லிக்கிறேன். இன்னொண்ணு சார், கோவிச்சுக்க மாட்டீங்களே?" டிரைவரின் குரல் தயங்கியது. "நீங்க திரும்பி வர்ற வரைக்கும் என் செருப்பு உங்க வாசல்லயே கிடக்கட்டும். வீட்டுல ஆள் இருக்குற மாதிரி இருக்கும்."