ஈரச் சேலை

காற்றில் எவ்வளவு சாம்பல் இருக்கிறது என்று அளக்கும் மெஷினை, அனல்மின் நிலையத்துக்கு நேர் எதிரே, தேசம்மா வீட்டு மொட்டை மாடியில் வைத்திருந்தார்கள். செவ்வாய்தோறும் மாசுக் கட்டுப்பாட்டு வாரிய ஆபீசர் தணிகாசலம் வந்து, அதில் சாம்பல் படியும் தாளை எடுத்துப் போவார். பதினோரு மாதமாகத் தாள் வெள்ளையாகவே இருந்தது. அதைக் காட்டித்தான் அனல்மின் நிலையத்தார் இன்னொரு புகைபோக்கி கட்ட அனுமதி வாங்கியிருந்தார்கள்.

இந்த வாரம் செவ்வாய் விடுமுறை என்பதால் அவர் திங்களே வந்துவிட்டார். மெஷினை ஈரச் சேலை ஒன்று மூடியிருந்தது.

"யாரும்மா இத மூடுனது?"

"நான்தான் சார். சோறு, தண்ணி, புள்ள தொட்டிலு, எல்லாத்தையும் ஈரத்துணி போட்டுத்தானே மூடுறோம்? கவர்மெண்டு மிஷினு, கரி படிஞ்சா கெட்டுடாது? நீங்க வர்ற அன்னிக்குக் காலைல எடுத்துடுவேன்."

அவர் சேலையை உருவினார். விரல்கள் கறுத்தன.

"இத நான் ஆபீசுல காட்டணும். எடுத்துட்டுப் போறேன்."

தேசம்மா வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள். "அழுக்கோடவா குடுத்தனுப்புவாங்க? ரெண்டு நிமிஷம் இருங்க சார், அலசிக் குடுத்துடறேன்."

அவர் படியிறங்கி ஓடுவதற்குள் கீழே வாளியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.