நாவோ வந்தாச்சு

ஒரு விகுதிதான், ஆனால் அதைப் போட்டால் பாதி வாசகர்களிடமிருந்து நாவோவைப் பிடுங்கிவிடுவேன் என்று நினைத்துக்கொண்டிருந்தாள் நிலோபர். மாத இதழுக்காக அவள் மொழிபெயர்க்கும் ஜப்பானியக் காதல் படக்கதையின் கடைசிப் பக்கம் எதிரே இருந்தது. மழையில் நனைந்து நாவோ வாசலில் நிற்க, காதலி சியோ உள்ளே திரும்பிச் சொல்கிறாள்: "அம்மா, நாவோ வந்தாச்சு." நாவோ ஆணா பெண்ணா என்று ஜப்பானிய மூலம் சொல்லவே இல்லை. பத்து மாதமாகத் தமிழையும் நிலோபர் சொல்ல விடவில்லை.

இதழாசிரியர் தேவசகாயத்துக்குப் பொறுமை போய்விட்டது. "வந்தாச்சுன்னா எதும்மா வந்துச்சு, பால் பாக்கெட்டா? வந்தானா, வந்தாளா, ஏதாவது ஒண்ணு போடுங்க. வந்தார்னு போட்டா ஹெட்மாஸ்டர் வந்த மாதிரி இருக்கு."

அவர் மேஜைமேல் தன் பக்கம் தள்ளிய வாசகர் கடிதங்களை அவள் படித்தாள். நாவோ மாதிரி பையனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று தென்காசியிலிருந்து ஒருத்தி எழுதியிருந்தாள். இன்னொன்றில் பெயரே இல்லை. 'நாவோ என்னைப் போலவே. நான் யாரென்று வீட்டில் இன்னும் சொல்லவில்லை' என்று மட்டும் இருந்தது.

"நாவோ யாருன்னு உங்களுக்காவது தெரியுமா?" என்றார்.

"தெரியும் சார்."

"அப்ப அதையே எழுதுங்களேன்." சிவப்புப் பேனாவைத் திறந்து நீட்டினார்.

நிலோபர் வாங்கிக்கொண்டாள்.

"அது நான் படிச்ச நாவோ, சார்," என்று சொல்லி, பேனாவை மூடி அவர் பக்கமே வைத்தாள்.