இரண்டு கையிலும் கட்டு

"ரிசப்ஷன் பொண்ணு ராக்கியோட உன்னைத் தேடுதுப்பா," என்றார் டிரைவர், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

ஸ்டோர் கீப்பர் சட்டென்று எழுந்தான். ஒரு வருடமாக அவளிடம் காதலைச் சொல்லத் தைரியமின்றித் தவிக்கிறான். இன்று அவள் ராக்கி கட்டிவிட்டால் ஆயுளுக்கும் அண்ணன்தான்!

முதலுதவிப் பெட்டியைத் திறந்து இரண்டு மணிக்கட்டிலும் பேண்டேஜைச் சுற்றிக்கொண்டான். சுற்றி முடிப்பதற்கும் அவள் வந்து நிற்பதற்கும் சரியாக இருந்தது.

"ஐயோ, கையில என்ன?"

"மூட்டை விழுந்துடுச்சுங்க. கயிறெல்லாம் கட்ட முடியாது."

"ரெண்டு கையிலயுமா?"

"மூட்டையும் ரெண்டுங்க."

அவள் சிரித்துவிட்டாள். "இது எங்க அண்ணனுக்கு. கீழ நிக்கிறான். ராக்கி கட்டின கையோட நான் எது கேட்டாலும் மறுக்க மாட்டான்."

"அதுக்கு நான் எதுக்குங்க?"

"கேட்கப் போறதை அவனுக்குக் காட்ட வேண்டாமா? நீங்களா சொல்வீங்கன்னு ஒரு வருஷம் பார்த்துட்டேன்."

அவன் கட்டுப்போட்ட கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்தான்.

"முதல்ல அந்தப் பேண்டேஜை அவிழுங்க. எது கேட்டாலும் தர்ற அண்ணன்கூட, கை உடைஞ்ச மாப்பிள்ளைன்னா கொஞ்சம் யோசிப்பான்!"