நாற்பத்தெட்டு மாங்காய்

குணசீலன் வாங்கி வந்து வைத்த ஐஸ்கிரீம் டப்பாவைப் போர்வை மேலிருந்து தூக்கியபோது, அடியில் 'எம்பட அரிசிம்பருப்புச் சோத்தைக் கஞ்சின்னு சொன்னா' என்று எழுதியிருந்தது.

ரஞ்சனி திரும்பவும் படித்தாள். அவளுடைய கையெழுத்தேதான். போன வாரம் அவளே எழுதி, அவளே இஸ்திரிப் பெட்டி வைத்து அழித்தது.



போர்வை சாரதாமணிக்கு. ரஞ்சனியின் கணவன் குணசீலனுக்கு அக்கா, இந்த வீட்டு மருமகள்கள் இரண்டு பேருக்கும் நங்கையா. நாளைக்கு விமானம் ஏறி, கனடாவில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போகிறாள். போர்வையை எடுத்துப் போக இன்னும் அரை மணியில் பள்ளிபாளையம் வந்துவிடுவாள்.

தறியில் மிஞ்சிய வெள்ளைத் துணி மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவில் பஞ்சு. மூன்றும் ஒன்றைவிட்டு ஒன்று நகராமல் இருக்கத் தையல் ஓட வேண்டும். தையல் நேராக ஓட வேண்டுமென்றால் முதலில் கோடு போட வேண்டும். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் ஒரு மாங்காய் வெட்டிக்கொண்டு, அதைத் துணியில் வைத்துச் சுற்றி வரைந்தார்கள். மொத்தம் நாற்பத்தெட்டு மாங்காய். மேல் பாதி ரஞ்சனி, கீழ்ப் பாதி அவளுடைய ஓரகத்தி மலர்விழி.

பேனா சேலத்தில் வாங்கியது. சூடு பட்டால் மை மறைந்துவிடும் என்று கடைக்காரர் சொன்னார்.

ரஞ்சனி அதை நம்பவில்லை. முதல் மாங்காயின் வயிற்றில் சோதனைக்காக என்னவோ எழுதினாள். என்னவோ என்ன, மனதில் இருப்பதுதானே கைக்கு வரும். இஸ்திரிப் பெட்டியின் மூக்கை அதன் மேல் வைத்தாள். போயே போய்விட்டது.

நங்கையா மேலிருந்த பத்து வருடக் கடுப்பு ஒரே நொடியில் ஆவியாகும் என்று அவளுக்கு இதுவரை யாரும் சொல்லித் தந்ததில்லை.

இரண்டாவது மாங்காயில் கல்யாணப் புடவையைப் பற்றி எழுதினாள். மூன்றாவதில் இட்லிப் பாத்திரம். பொழுது சாய்வதற்குள் இருபத்து நான்கும் நிரம்பி, இருபத்து நான்கும் மறைந்தன. அன்றைக்கு அவள் தூங்கிய தூக்கத்தைப் பார்த்துக் குணசீலன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான்.

சூட்டில் போனது குளிரில் திரும்பி வரும் என்று கடைக்காரர் சொல்லவில்லை.

ஒருவேளை அந்த ஒன்று மட்டும்தானோ என்று டப்பாவைப் பக்கத்து மாங்காயில் வைத்து நூறு வரை எண்ணினாள். எடுத்தாள். 'இட்லிப் பாத்திரம் வாங்கிட்டுப் போயி மூணு வருசம். குடுக்கறாப்புல இல்ல.'

மகன் வீட்டு ஜன்னல் பாதி வரைக்கும் பனி ஏறி நின்ற படத்தை நங்கையா முந்தாநாள்தான் போனில் காட்டினாள். எந்த ஊருக்குப் போனாலும் விடிந்ததும் போர்வையை வெளியே கொண்டுபோய் உதறிக் காயப்போடாவிட்டால் அவளுக்குக் காப்பி இறங்காது. பனியில் ஒரு நாள் தொங்கினால் போதும். இருபத்து நான்கையும் கண்ணாடி போட்டுக்கொண்டு வரிசையாகப் படித்துவிடுவாள்.

மலர்விழியிடம் சொல்லலாமா? சொன்னால் மானம் போகும். நிறைகுடம் தளும்பாது என்பதற்கு இந்தத் தெருவே அவளைத்தான் காட்டும். வந்து பதினாறு வருடமாயிற்று, நங்கையாவை எதிர்த்து ஒரு சொல் பேசியதில்லை. அப்பேர்ப்பட்டவள் பாதியும் இந்தப் பாதியோடு ஒட்டித் தைக்கப்பட்டுக் கிடக்கிறதே என்று ரஞ்சனிக்கு அழுகை வந்தது.

நிமிர்ந்தால், மலர்விழி கதவோரம் நிற்கிறாள்.

டப்பாவைப் பார்த்தாள். எழுத்தைப் பார்த்தாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

"எம்பட மாங்காய்ல வெக்கலியே, கண்ணு?"

ரஞ்சனிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் டப்பாவை மெதுவாகக் கீழ்ப் பாதிக்கு நகர்த்தினாள். மலர்விழி தடுக்கவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து நூறு எண்ணினார்கள்.

மணி மணியான எழுத்து. வரிசை எண் போட்டு, தேதி போட்டு எழுதியிருந்தது.

'11. ஆடிப் பதினெட்டு, 2014. அன்னியோட அவ கால்ல உழுந்தது முப்பத்தியொரு தடவை. நல்லா இருன்னு ஒருக்காகூடச் சொல்லல. "ம்" மட்டும்தான். மீதி அடுத்த மாங்காயில்.'

அடுத்த மாங்காயில் வைத்தார்கள். மீதி இருந்தது. அதற்கடுத்ததிலும் இருந்தது.

இதற்கு முன்னால் தான் எழுதியதெல்லாம் பால்வாடிப் பிள்ளையின் சிலேட்டு என்று ரஞ்சனிக்குத் தோன்றியது. கூடவே, இந்த வீட்டில் தனக்கும் ஓர் அக்கா இருக்கிறாள் என்று பத்து வருடத்தில் முதல் முறையாகத் தோன்றியது. சிரிப்பை அடக்கப் போர்வையையே வாயில் திணித்துக்கொண்டாள்.

வாசலில் கார் வந்து நின்றது. போர்வையைத் துவைத்துக் காயவைக்க நேரமில்லை. இஸ்திரி போட்டாலும் கனடா வரைக்கும்தான் தாங்கும்.

தாழ்ப்பாளை எடுத்ததும் சாரதாமணி உள்ளே வந்து, எங்கே என் போர்வை என்று இரண்டு கைகளையும் நீட்டினாள்.

மலர்விழி அதை நான்காக மடித்து மார்போடு அணைத்துக்கொண்டாள். குனிந்த தலை நிமிராமல், எப்போதும் போலத் தழைந்த குரலில், பதினாறு வருடத்தில் முதல் முறையாக மறுத்துப் பேசினாள்.

"இது குளுருக்கு ஆகாதுங்க நங்கையா."