மூடியிருந்த கேட்

இத்தாலியின் ஒரு சிறிய கடலோர ஊரில் பிறந்த இயக்குநர் தாரியோ, அந்த ஊரில் நடந்த பஸ் விபத்தையே படமாக எடுத்தார். விபத்தன்று அந்த ரயில்வே கேட்டில் வேலையில் இருந்து, இப்போது ஓய்வு பெற்றுவிட்ட கேட்கீப்பர் ஒரெஸ்தே தன் பழைய தொப்பியை நடிகருக்குக் கொடுத்து உதவினார். படத்தை முதன்முதலாக ஊரில் திரையிட்டபோது, திரையில் அந்தத் தொப்பியைப் போட்டிருந்தவன் குடித்துவிட்டுக் கேட்டை மூடாமல் தூங்கிக்கொண்டிருந்தான். ரயில் வந்தது. அரங்கின் இருட்டில் எல்லோரும் ஒரெஸ்தேயைத் திரும்பிப் பார்த்தார்கள்.

வெளியே வந்ததும் அவர் தாரியோவின் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, கேட்டை நான் மூடித்தானே வச்சிருந்தேன்? பஸ்தான் பிரேக் பிடிக்காம இடிச்சிக்கிட்டு உள்ள வந்தது. உனக்குத் தெரியாதா?"

"தெரியும்ணே. கதைக்காக மாத்தினேன். உங்க பேரைக்கூட வைக்கலையே."

விபத்தன்று, உடைந்து கிடந்த கேட்டைத் தூக்கி ஓரமாகப் போட்ட கசாப்புக் கடைக்காரரே, படம் திரையிட்ட மறுவாரம் ஒரெஸ்தேயின் தோளைத் தட்டினார். "விடுங்க, அந்தக் குளிருக்கு யாருதான் குடிக்கல?" திட்டியிருந்தால் ஒரெஸ்தே பதில் சொல்லியிருப்பார். ஆனால் ஊரே அவரை மன்னித்துவிட்டிருந்தது.

வீட்டில் மனைவி நெல்லா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். விபத்து நடந்த அன்று அவருக்குச் சாப்பாடு கொண்டுவந்தவள் அவள். கேட்டை இறக்க அவரோடு சேர்ந்து கைப்பிடியைச் சுற்றியவளும் அவள்தான்.

"நீதானே கூட இருந்தே. நீயாவது நாலு பேர்கிட்ட சொல்லேன்."

நெல்லா கத்தியைக் கீழே வைத்தாள்.

"கேட்டை இறக்கின மாதிரிதான் ஞாபகம்," என்றாள். "ஆனா அன்னிக்கு நீங்க கொஞ்சம் குடிச்சிருந்தீங்க, இல்ல?"